என் கதை ஏற்கெனவே ஹாலிவுட்டில் வந்துவிட்டதாம், வழக்கு வருமா?

கேள்வி: திரைக்கதை எழுத உட்கார்ந்து ஒரு வரிகூட வராமல் தவிக்கும் எழுத்தாளன் ஒருவன், அனுபவத்துக்காக ஒரு கொலையை அருகிலிருந்து பார்க்கத் துணிகிறான். நான் எழுதிவரும் டார்க் காமெடியின் கதை இதுதான். இடைவேளை வரை முடித்துவிட்டேன். ‘பார்ட்டன் ஃபிங்க், அடாப்டேஷன், செவன் சைக்கோபாத்ஸ் என்று இதே கதை மூன்று முறை வந்துவிட்டது, படமெடுத்தால் வழக்கு வரும்’ என்று நண்பர் பயமுறுத்துகிறார். என் கதாநாயகனைப் போலவே எனக்கும் இப்போது மேற்கொண்டு எழுத வரவில்லை. கோடம்பாக்கத்தில் ஒருவர், மீதியை எழுதிக்கொடுத்து, பதிப்புரிமை வாங்கி, தலைப்பையும் பதிவுசெய்து தர 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வழக்கு பயம்.

உங்கள் நண்பர் பயமுறுத்தச் சொன்ன பட்டியலே உங்களுக்குச் சாதகமானது. கோயன் சகோதரர்களின் ‘பார்ட்டன் ஃபிங்க்’ 1991-ல் வந்தது. சார்லி காஃப்மன் எழுதிய ‘அடாப்டேஷன்’ 2002-ல் வந்தது. மார்ட்டின் மெக்டோனாவின் ‘செவன் சைக்கோபாத்ஸ்’ 2012-ல். மூன்றிலும் எழுத வராமல் தவிக்கும் எழுத்தாளர் இருக்கிறார். அந்தக் கரு முதலில் எடுத்தவரின் சொத்து என்றால் மற்ற இரண்டும் வந்திருக்கவே முடியாது.

நம் நாட்டிலும் சட்டம் அதுவே. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே காதல். 1956-ல் வந்த ‘நியூ டெல்லி’ இந்திப் படத்திலும் பஞ்சாபிப் பையன், மதராஸிப் பெண். நாடகாசிரியர் வழக்குப் போட்டார், தோற்றார். கரு, பொருள், கதைப்போக்கு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது, அவற்றைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்றது நீதிமன்றம். அதற்கு உரைகல்லாக எந்த நிபுணர் குழுவையும் அது நியமிக்கவில்லை. இரண்டையும் பார்த்த சாதாரண ரசிகருக்கு, பின்னது முன்னதன் நகல் என்று ஐயமில்லாமல் தோன்ற வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே எழுத்தாளனின் தவிப்பை நீங்கள் தாராளமாக எழுதலாம். ‘பார்ட்டன் ஃபிங்க்’கில் வருவதுபோல் 1941-ல் ஹாலிவுட் விடுதி ஒன்றில் தங்கி, மல்யுத்தப் படத்துக்குக் கதை எழுதத் திணறும் நாடகாசிரியர், பக்கத்து அறையில் இன்ஷூரன்ஸ் விற்பவர், உரிந்து தொங்கும் சுவர்க்காகிதம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு பெட்டி என்று அத்தனையையும் அதே வரிசையில் மதுரை லாட்ஜுக்கு மாற்றிவைத்தால்தான் வக்கீலைத் தேட வேண்டியிருக்கும். உங்கள் கதைச்சுருக்கத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். கருவுக்குப் பதிப்புரிமை இல்லை என்றதும், ‘அப்படியானால் என் கதையைக் கேட்ட தயாரிப்பாளர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது, நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டிருந்தால். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்திடம் தொடருக்கான கருத்துரு ஒன்றைக் கொடுத்த சிறிய நிறுவனம், பிறகு அதே போன்ற தொடர் வேறு கைகளில் வருவதைக் கண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2003-ல் ஜீ டெலிஃபிலிம்ஸ் – சன்டயல் வழக்கில் அந்தச் சிறிய நிறுவனத்துக்குத்தான் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ரகசியமாகச் சொன்ன கருத்துரு, விவரமாகவும் புதுமையாகவும் இருந்தால், கேட்டவர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் ரகசியமாகச் சொன்னீர்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். டீக்கடையில் நான்கு பேர் நடுவே சொன்ன கதைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. கதை சொல்லப் போகும் முன்பு, ‘நாளை உங்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லவிருக்கும் கதையின் சுருக்கம் இணைப்பில் உள்ளது’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். சொல்லி முடித்த அன்றிரவே, ‘இன்று இன்னாரிடம் முழுக்கதையும் சொன்னேன், நன்றி’ என்று இன்னொன்று. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. மின்னஞ்சல் முகவரியே தராதவரிடம் ‘ஒன்லைன்’ மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்த 40 ஆயிரம்.

பதிப்புரிமை என்பது யாரும் ‘வாங்கித் தரும்’ பொருள் அல்ல. நீங்கள் எழுதிய கணத்திலேயே அது உங்களுடையது. 1957-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தால் முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு பொய்யென்று நிரூபிக்காதவரை செல்லும் சான்றாக, உதவும். இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். இணையம் வழியே நீங்களே விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப எண் கிடைத்ததும், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள். ஒரு கையெழுத்து இடம் மாறிவிட்டது என்று டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகம் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் போட்டுவிட்டு, அந்தப் பதில் படிக்கப்பட்டதா என்று அறிய மாதக்கணக்கில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொடுமையைச் சட்டம் படித்தவர்களே தாங்குவதில்லை. இந்தத் தாமதம்தான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது. டெல்லியில் ஆள் இருப்பதாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். சென்னையில் உள்ள திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவது இன்னும் எளிது. 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ பட விவகாரத்தில், 2007-ல் அங்கே பதிவான ஒரு கதைதான் அதை எழுதியவருக்குக் கைகொடுத்தது. வழக்கு சமரசமாகி அவருக்குப் படத்தில் அங்கீகாரம் கிடைத்தது.

கதையைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டிவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உறைக்குள் என்ன இருந்தது, எப்போது போனது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் கேள்விகளுக்கு அது தாங்காது. தபால் செலவு மிச்சம்.

தலைப்புப் பதிவு அப்பட்டமான ஏமாற்று. தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று ‘தேசி பாய்ஸ்’ படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிவிட்டது. சினிமாச் சங்கங்களில் தலைப்பைப் பதிவது உறுப்பினராக உள்ள தயாரிப்பாளர்களின் உள்ஏற்பாடு. எழுத்தாளருக்கு அதில் வேலையே இல்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ‘மீதியை எழுதித் தருகிறேன்’ என்பது. ‘அடாப்டேஷன்’ எழுதும்போது காஃப்மனுக்கும் எழுத வரவில்லை. இல்லாத ஓர் இரட்டைச் சகோதரரைக் கதைக்குள் உருவாக்கி, திரைக்கதை என்ற இடத்தில் அவர் பெயரையும் போட்டார். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருவர் பெயரும் இடம்பெற்றன. அந்தச் சகோதரர் பங்கு கேட்டு வரமாட்டார். உங்கள் கோடம்பாக்கத்துக்காரர் வருவார். அவர் எழுத்தும் உங்கள் எழுத்தும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டால் அவர் கூட்டாசிரியர். நீங்கள் கொடுத்த பணம் அதை மாற்றாது. உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அப்படி ஒரு தாளை நீட்டிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் மறுநாள் போனை எடுக்கமாட்டார்கள்.

எழுத வராமைக்குச் சட்டப் புத்தகத்தில் மருந்து இல்லை. இதுவரை எழுதியதைச் சங்கத்தில் பதிந்துவிட்டு, மீதியை நீங்களே எழுதுங்கள்.

பிறகு தயாரிப்பாளர் அமைந்து ஒப்பந்தம் நீட்டினால், அட்வான்ஸ் தொகையைப் பார்ப்பதற்கு முன் ஒரு வரியைத் தேடுங்கள். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அந்த உரிமை மாற்றம் தானாகவே காலாவதியாகிவிடும் என்கிறது சட்டத்தின் 19(4) பிரிவு. ‘பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது’ என்று எங்கோ கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், மூன்றாண்டு போன்ற ஒரு கால வரம்பையாவது எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.