மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள்: கேள்விகளும் பதில்களும்

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றுபவன் என்பதால், ஆண்டிபயாடிக் எதிர்ப்பு குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

ஐயா, அடிக்கடி ஆண்டிபயாடிக் சாப்பிட்டதால் என் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையா? (ஓர் இல்லத்தரசி)

உங்கள் உடம்பு மருந்துக்குப் பழகுவதில்லை, அம்மா. மாறுபவை அதில் வாழும் பாக்டீரியாக்கள்தான். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியா, சூழல் சாதகமாக இருந்தால், ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. அப்போது மரபணுக்கள் நகலெடுக்கப்படுகையில் அரிதாகப் பிழை நேரும். கோடிக்கணக்கானவற்றில் ஒன்றிரண்டுக்கு அந்தப் பிழையே, மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய புரதத்தின் வடிவத்தை மாற்றிக் காப்பாற்றிவிடும். இத்தகையவை மருந்தைச் சந்திக்கும் முன்பே இருக்கின்றன என்பதை அமெரிக்க விஞ்ஞானிகளான ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் 1952இல் அழகாக நிறுவினார்கள். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக்களை வெல்வெட் துணியில் ஒற்றியெடுத்து, மருந்துள்ள தட்டில் பதித்து, எங்கே பிழைத்தன என்று பார்த்து, மருந்தே படாத மூலத் தட்டின் அதே இடத்திலிருந்து எதிர்ப்புள்ளவற்றைப் பிரித்தெடுத்தார்கள். ஆக, மருந்து செய்யும் வேலை பெரும்பாலும் மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுப்பதுதான்.

ஒரு வகைப் பாக்டீரியாவிடம் உள்ள எதிர்ப்பு வேறு வகைக்கும் போகும் என்று படித்தேன். எப்படி? (கல்லூரி மாணவி)

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் சீதபேதிக்குச் சல்ஃபா மருந்துகளும், பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிக்கால் ஆகியவையும் பெருமளவில் கொடுக்கப்பட்டன. 1950களின் நடுவில், சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாக்களில் இந்த நான்குக்கும் ஒருசேர அடங்காதவை நோயாளிகளிடம் காணப்பட்டன. நான்கு பிழைகள் ஒரே பாக்டீரியாவில் தற்செயலாகச் சேர்வது நம்ப முடியாத அளவுக்கு அரிது. அதைவிட வியப்பாக, சில நோயாளிகளின் குடலில் இருந்த சாதாரண ஈ.கோலையிடமும் அதே நான்கு எதிர்ப்புகளும் இருந்தன. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள் 1959இல் இரண்டு வகையையும் ஒன்றாகக் கலந்து வளர்த்து, எதிர்ப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதைக் காட்டின.

தாவுவது பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளைய வடிவ டிஎன்ஏ. இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது ஒன்று தன் பிளாஸ்மிட்டின் நகலை மற்றதற்கு அனுப்புகிறது. கொடுத்ததும் அதை இழப்பதில்லை. இவை தவிர, இறந்த பாக்டீரியாவின் டிஎன்ஏவை உறிஞ்சிக்கொள்வதும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் மரபணுவைச் சுமந்து செல்வதும் உண்டு. காசநோய்க் கிருமி இதற்கு விலக்கு. அது பிறரிடம் வாங்குவதில்லை. தன் சொந்த மரபணுப் பிழைகளாலேயே எதிர்ப்புப் பெறுகிறது. எல்லா மருந்துகளுக்கும் எதிரான பிழைகள் ஒரே கிருமியில் சேர்வது மிக அரிது என்பதால்தான் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறோம்.

கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். தீவனத்தில் கலக்கும் மருந்துக்கும் மனிதர்களுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. வேறெதுவும் பலிக்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதையே கால்நடைகளுக்கும் தாராளமாகக் கொடுத்துவந்தார்கள். கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணிக்கிறது என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள்; பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் அது இருந்தது. இந்திய அரசு 2019இல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. பண்ணையில் நோய் வந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுங்கள்; வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்க வேண்டாம்.

காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. சாதாரண நிமோனியா பலருக்கு 5 நாள் மருந்திலேயே குணமாகிறது. காசநோய்க்கு மாதக்கணக்கில் வேண்டும். தேவைக்கு மேல் நீட்டிப்பதிலும் கேடு உண்டு, ஏனெனில் ஒவ்வொரு நாள் மாத்திரையும் குடலில் இருக்கும் தீங்கற்ற பாக்டீரியாக்களின் மேலும் படுகிறது. எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்து கிடக்கும் இடம் குடல்தான்.

சளிக்கு, போன முறை மிச்சமான அமாக்ஸிசிலினைப் போடலாமா?

கூடாது. சளியை உண்டாக்குவது வைரஸ். அமாக்ஸிசிலின் பாக்டீரியாவைத் தாக்கும் மருந்து; வைரஸை ஒன்றும் செய்யாது.

ஒரு மருந்தைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தால் எதிர்ப்பு மறைந்துவிடுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சில சமயம் குறையும், ஐயா. ஃபின்லாந்தில் எரித்ரோமைசின் வகை மருந்துகளைக் குறைத்துக்கொண்ட பிறகு, தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் எதிர்ப்பு 1992இல் 16.5 சதவீதமாக இருந்தது 1996இல் 8.6 ஆக இறங்கியது. பிரிட்டனிலோ, 1990களில் சல்ஃபா மருந்துச் சீட்டுகள் ஏறத்தாழ அற்றுப்போன பிறகும் ஈ.கோலையில் அதற்கான எதிர்ப்பு குறையவே இல்லை. 1991இல் சுமார் 40 சதவீதமாக இருந்தது, 1999இல் 46 ஆனது. சல்ஃபா எதிர்ப்பு மரபணு, வேறு மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களோடு ஒரே பிளாஸ்மிட்டில் அமர்ந்திருந்ததே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அந்த வேறு மருந்துகளை மக்கள் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.