டோக்கியோவில் மூன்று மாதம்: ஒருவரும் சொல்லாதவை

அலுவலக வேலையாக 90 நாள் விசாவில் முதன்முறையாக டோக்கியோ வரவிருப்பதாகவும், ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல், சைவ உணவுப் பழக்கத்தோடு இந்த நகரத்தில் காலம் தள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் 2010இல் வந்தவன். குடியிருப்பது எடோகாவா வட்டத்தின் நிஷிகசாய். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் தங்கத் தொடங்கியதிலிருந்து நம்மவர்கள் பெருகிவிட்ட பகுதி இது. முடியும் என்பதே என் பதில். ஆனால் நீங்கள் அஞ்சுகிற மொழி உங்களை அவ்வளவாகப் படுத்தாது; நீங்கள் நினைத்தே பார்த்திராத மௌனம்தான் படுத்தும்.

பயணத்துக்கு மொழியே வேண்டியதில்லை. சுரங்க ரயில் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. தோசாய் தடத்தில் நிஷிகசாய் டி 16, அலுவலகங்கள் நிறைந்த ஓத்தேமாச்சி டி 09. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண்ணைப் பார்த்து இறங்கிவிடலாம். சுய்கா அல்லது பாஸ்மோ அட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் ரயில், பேருந்து, கடை மூன்றுக்கும் ஆகும். அதில் பணம் ஏற்றும் இயந்திரங்கள் பலவும் ரொக்கத்தையே கேட்கும் என்பதால், ஆயிரம் யென் தாள்கள் சில எப்போதும் பையில் இருக்கட்டும்.

மௌனத்துக்கு வருகிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. அதை நீங்கள் மீறினால் யாரும் உங்களைத் தடுத்து நிறுத்திச் சொல்ல மாட்டார்கள். நான் வந்த இரண்டாம் வாரம், எரியும் குப்பை எடுக்கும் நாளில், பிளாஸ்டிக் பாட்டில்களையும் அதே பைக்குள் திணித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பினால், காக்கை கொத்தாமலிருக்கப் போடும் வலை ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மற்ற பைகளெல்லாம் போயிருந்தன. என் பை மட்டும் நெற்றியில் ஓர் ஒட்டுத்தாளோடு அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே வந்த பக்கத்து வீட்டு அம்மையார் எனக்கு மாலை வணக்கம் சொல்லித் தலைகுனிந்துவிட்டு, அந்தப் பையைப் பார்க்காதவர் போலக் கடந்து போனார். நான்கு வசவு கேட்டிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. மறுநாள் அலுவலகத் தோழர் ஒருவர் அந்தத் தாளைப் படித்துக் காட்டிய பிறகுதான், பாட்டிலின் மூடியையும் மேலுறையையும் கழற்றி, அலம்பி, அதற்குரிய நாளில் தனியாக வைக்க வேண்டும் என்று தெரிந்தது. நீங்கள் தங்கும் இடத்தில் குப்பை அட்டவணை கேட்டு வாங்குவதை முதல் நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திலும் இதே கதைதான், ஆனால் அங்கே கொஞ்சம் பழகிய காதுக்குப் புரியும். கூட்டத்தில் நீங்கள் ஒரு யோசனை சொன்னதும் எதிரே இருப்பவர் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு "சோத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால், அதன் நேர்ப்பொருள் "கொஞ்சம்" என்பது, உண்மைப் பொருள் "முடியாது" என்பது. நாம் "பார்க்கலாம்" என்று இழுப்பதைப் போன்றதுதான் இது. பொண்ணு பார்த்துவிட்டுப் போனவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னால் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா? மாலையில் மற்றவர்களுக்கு முன் கிளம்பும்போது "ஒசாகி நி ஷித்சுரே ஷிமாஸ்", அதாவது முந்திச் செல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், என்று சொல்லிவிட்டுப் போங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகே என்னிடம் சிலர் தாமாகப் பேசத் தொடங்கினார்கள்.

ரயிலில் உங்கள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருப்பதைப் பார்ப்பீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் பலர் இதைச் சொல்லி வருந்துவதுண்டு. எனக்கும் முதல் ஆண்டில் உறுத்தியது. பகை என்பதைவிட, பேச்சுக் கொடுத்துவிடுவாரோ என்ற கூச்சமே அதில் அதிகம் என்பது என் கணிப்பு. காலை எட்டு மணித் தோசாய் ரயிலில் இந்தக் கவலைக்கே இடமில்லை: 2019இல் கிபா நிலையத்துக்கும் மொன்சென்நகாச்சோவுக்கும் இடையே கொள்ளளவில் 199 விழுக்காடு கூட்டம் பதிவான தடம் அது. முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல், இறங்கிய பிறகு பேசுங்கள்.

சாப்பாட்டில்தான் மொழி உண்மையிலேயே காலை வாரும். "நிகு" வேண்டாம் என்றால் இறைச்சி வேண்டாம் என்று மட்டுமே பொருள். மீன் அதில் சேராது. அப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக நான் வாங்கிய வறுத்த தோஃபு என்ற சோயாக் கட்டியின் மேல், மரச்சீவல் போன்ற ஏதோ ஒன்று சூட்டில் நெளிந்து ஆடிக்கொண்டிருந்தது. அது உலர்ந்த சூரை மீனின் சீவல். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும், ஊதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பிலும் அதே மீனின் சாறுதான் பெரும்பாலும் அடித்தளம். ஆகவே மீன், மீன்சாறு, இறைச்சி மூன்றும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டொன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி அரிசி, பருப்பு வகையறா எல்லாம் நிஷிகசாயில் கிடைக்கும், சுமந்து வராதீர்கள்.

மாலை ஐந்து மணிக்குத் தெரு ஒலிபெருக்கியிலிருந்து மெல்லிய இசை கேட்டால் பதறாதீர்கள். பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று நாள்தோறும் பார்க்கும் ஏற்பாடு அது. நிலநடுக்க எச்சரிக்கையாகக் கைப்பேசி முரட்டுத்தனமாக அலறினால் மட்டும் மேசைக்கடியில் போய்விடுங்கள். 2011 மார்ச் 11 பிற்பகல் நிலம் ஆடியபோது ரயில்கள் நின்றுபோய், இருட்டிய பிறகும் நடந்தே வீடு சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அன்றிலிருந்து என் அலுவலக மேசைக்கடியில் நடப்பதற்கென்று ஒரு சோடி காலணி கிடக்கிறது.

குறுகிய காலம் வருபவர் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம், அறையில் பூட்டிவைக்காதீர்கள். கடைசியாக ஒன்று: எளிதில் கழற்றி மாட்டும் காலணியும் ஓட்டையில்லாத காலுறைகளும் கொண்டுவாருங்கள். மேலதிகாரி அழைத்த என் முதல் விருந்தில் வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டியிருந்தது; இரண்டு மணி நேரமும் என் இடது கால் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.