தலைமையாசிரியர்களின் "சரிங்க சார்": ஒரு புதிய அலுவலரின் கேள்வி

கேள்வி: நேரடி நியமனத்தில் வட்டாரக் கல்வி அலுவலராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தலைமையாசிரியர்கள் பலருக்கு என் வயதளவு சர்வீஸ். கூட்டத்தில் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்கிறார்கள். என்னிடம் உண்மையில் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?

பதில்: அந்தச் "சரிங்க சார்" நானும் பல வருடம் சொன்னதுதான். பெரும்பாலும் "சீக்கிரம் முடிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அர்த்தம்.

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் தனி அறையில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் வைத்து, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பாடத்தை நடத்திக்கொண்டிருப்பார். பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் "மிக அவசரம், 12 மணிக்குள் படிவம் தேவை" என்று வந்தால் சாக்பீஸைக் கீழே வைக்க வேண்டியவர் அவர்தான். கேட்ட விவரமோ, பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளமான எமிஸில் ஏற்கெனவே ஏற்றியதாக இருக்கும். உங்கள் அலுவலகத்திலேயே எடுக்க முடிந்ததைப் பள்ளியில் கேட்காதீர்கள். மேலேயிருந்து உங்களுக்கும் அப்படித்தான் வருகிறது, தெரியும். ஆனால் வடிகட்டுகிற இடத்தில் இருப்பவர் நீங்கள்.

அடுத்தது ஆள். மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். நியாயமான விடுப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் மற்றவர் ஒரு வருடம் ஒண்டி ஆள். விண்ணப்பம் கைக்கு வந்த அன்றே மாற்றுப்பணிக்கு யாரை அனுப்பலாம் என்று பார்த்துவிடுங்கள். தலைமையாசிரியர் மூன்று தடவை வந்து நின்று கேட்கும்படி வைக்காதீர்கள்.

30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். கழிப்பறை மோட்டாருக்குக் காயில் கட்டினாலே அதில் பெரிய துண்டு போய்விடும். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது. தலைமையாசிரியர் எழுதும் கடிதம் பி.டி.ஓ. ஆபீஸ் தபாலில் கிடக்கும். நீங்கள் நேரில் போய்ப் பேசினால் ஆள் வரும்.

பள்ளிப் பார்வைக்குப் போனால் பதிவேட்டைக் கேட்குமுன் கொஞ்ச நேரம் வகுப்பில் உட்காருங்கள். குறையைப் பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டாம்.

இனி, யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்று: உங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஆசிரியர்களின் பணிப்பதிவேடு. 10 வருடத்தில் தேர்வுநிலை, 20 வருடத்தில் சிறப்புநிலை என்று ஊதியம் உயர வேண்டும். விடுபட்ட ஒரே ஒரு பதிவால் கோப்பு திரும்பி வரும். "செக்ஷன்ல பாத்துட்டு வாங்க" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், கேட்டு வந்த ஆசிரியருக்கும் தெரியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பதிவேடுகளை வெளியே எடுத்துப் போட்டு, அவரவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். கூட்டத்தில் சொல்லாததையெல்லாம் அங்கே நின்றபடி சொல்வார்கள்.