வால்வு ஆம்ப்ளிஃபயரில் விநோத ஒலி: எங்கே தேடுவது?

உங்கள் வால்வு ஆம்ப்ளிஃபயர் (வால்வுகள் எனப்படும் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) கிட்டாரை வாசிக்காதபோதும் உறுமுகிறது, சில சுரங்களில் கிணுங்குகிறது என்கிறீர்கள். முதலில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கிட்டார் கேபிளை உருவிவிடுங்கள். ஒலி நின்றால் குற்றம் கிட்டாரிலோ கேபிளிலோதான். நிற்காவிட்டால் வால்யூம் குமிழைத் திருப்பிப் பாருங்கள். உறுமல் கூடவோ குறையவோ இல்லையென்றால் மின்வழங்கிப் பகுதியைச் சந்தேகிக்கலாம். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் மின்சாரத்தைச் சீராக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் உலர்ந்துபோவது சாதாரணம்.

கிணுங்கலுக்கு என் சந்தேகமெல்லாம் கிட்டாரின் ஒலியை முதலில் பெருக்கும் முன்பகுதியின் சின்ன வால்வுகள்மீதுதான். ஆம்ப்ளிஃபயர் ஓடும்போதே, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டுங்கள். லேசான 'டொக்' எல்லா வால்வுக்கும் உண்டு. மணிபோல் இழுத்து ஒலிப்பதை மாற்றுங்கள். மின்சுற்றுகள் இருக்கும் உலோகப் பெட்டியான சேஸிஸை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள்: மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், அது உயிரைப் பறிக்கும்.