லேப்டாப்போடு வாங்கிய விண்டோஸ் எங்கே போனது?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக 2021-இல் ஒரு லேப்டாப் வாங்கினோம். பில்லில் 'விண்டோஸ் 10 ஹோம்' என்று தெளிவாக இருக்கிறது. ரொம்ப மெதுவாகிவிட்டதால் பக்கத்து சர்வீஸ் கடையில் கொடுத்தோம். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். வேகம் கூடிவிட்டது. ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற எழுத்து வந்து நிற்கிறது. கேட்டால், 'பழைய டிஸ்க்கோடு லைசென்ஸும் போய்விட்டது, 1,500 ரூபாய் கொடுங்கள், புது கீ போட்டுத் தருகிறேன்' என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் லைசென்ஸ் எங்கும் போகவில்லை, லேப்டாப்புக்குள்ளேயேதான் இருக்கிறது.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. அதற்கு முன்பு லேப்டாப்பின் அடியில், லைசென்ஸுக்கு அடையாளமான 25 எழுத்துக் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதன் பிறகு, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்புகளில் அந்தக் கீயை மதர்போர்டில் (லேப்டாப்பின் முதன்மைச் சர்க்யூட் போர்டு) உள்ள, கம்ப்யூட்டரைத் துவக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப்பிலேயே தயாரிப்பு நிறுவனம் எழுதிவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினாலும் ஃபார்மட் அடித்தாலும் அது அழியாது. புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது, ஏற்றும் நிரலே அந்தச் சிப்பைப் படித்துக் கீயை எடுத்துக்கொள்ளும். இன்டர்நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், அதாவது லைசென்ஸ் சரிபார்க்கப்பட்டுவிடும். விண்டோஸ் 10 ஹோம் கீ, விண்டோஸ் 11 ஹோமுக்கும் செல்லும்.

அப்புறம் ஏன் உங்களுக்கு ஆகவில்லை? பெரும்பாலும் காரணம் ஒன்றே: வேறு பதிப்பை ஏற்றியிருப்பார்கள். பல கடைகளில் ஒரே பென்டிரைவில் 'புரோ' பதிப்பை வைத்துக்கொண்டு, வருகிற எல்லா மெஷின்களுக்கும் அதையே ஏற்றிவிடுவார்கள். உங்கள் சிப்பில் இருப்பதோ ஹோம் கீ. ஹோம் கீயை வைத்துப் புரோவை ஆக்டிவேட் செய்ய முடியாது. இதை நீங்களே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போங்கள். மேலே என்ன பதிப்பு என்று எழுதியிருக்கும். 'விண்டோஸ் 11 புரோ' என்று இருந்தால் விஷயம் புரிந்துவிட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தியாவில் விற்கும் லேப்டாப்புகள் பலவற்றில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற பதிப்பு வருகிறது. பில்லில் வெறும் ஹோம் என்று போட்டிருந்தாலும் உள்ளே அதுதான் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கும் பொதுவான கோப்பில் ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், புரோ ஆகிய மூன்று பதிப்புகளுமே இருக்கின்றன. சிப்பைப் படித்துச் சரியானதை அதுவே தேர்ந்தெடுத்துவிடும். நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க நேரடி வழி கிடையாது. மறுபடி ஏற்றத்தான் வேண்டும். கடைக்காரரிடம் போய், 'பில்லைப் பாருங்கள், இது ஹோம் லைசென்ஸ் உள்ள மெஷின், ஹோம் பதிப்பை ஏற்றிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். தவறான பதிப்பை ஏற்றியது அவர் என்பதால் மறுபடி கூலி கேட்க அவருக்கு நியாயம் இல்லை. அவர் மறுத்தால் நீங்களே செய்யலாம், பயப்பட ஒன்றுமில்லை. வேறு ஒரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' என்பதை இலவசமாக இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென்டிரைவில் விண்டோஸை எழுதிக்கொள்ளுங்கள். அதைச் செருகி லேப்டாப்பைத் துவக்குங்கள். கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். மகளின் கோப்புகளை மட்டும் முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள். மறுபடி ஏற்றும்போது டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கையும் கடையிலிருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். அது உங்கள் பொருள், அதில் உங்கள் படங்களும் பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன.

அதுவரை அந்த எழுத்து திரையில் இருப்பதால் ஆபத்து எதுவும் இல்லை. வால்பேப்பர், நிறம் போன்றவற்றை மாற்ற விடாது, அவ்வளவுதான். பாதுகாப்பு அப்டேட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கும். அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஒன்றை இன்னொரு முறை வாங்க வைக்கிறார்கள். இது நிறைய வீடுகளில் நடக்கிறது.

கேள்வி: எங்கள் லேப்டாப்பிலும் இதே பிரச்சினை. ஆனால் பில்லில் 'டாஸ்' என்று போட்டிருக்கிறது. கடையில் வாங்கும்போதே விண்டோஸ் போட்டுத்தான் கொடுத்தார்கள். எங்களுக்கும் சிப்பில் கீ இருக்குமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: இருக்காது. 'டாஸ்' அல்லது 'ஃப்ரீ டாஸ்' என்று பில்லில் இருந்தால், விண்டோஸ் லைசென்ஸ் இல்லாமல் விலை குறைத்து விற்ற மெஷின் என்று அர்த்தம். கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸ் லைசென்ஸ் இல்லாததாகத்தான் இருந்திருக்கும். உங்களுக்கு இருக்கும் வழி இரண்டு: முறையான லைசென்ஸ் வாங்குவது, அல்லது உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது. பிரவுசர், மெயில், ஆன்லைன் வகுப்பு, கடிதம் தட்டச்சுவது மட்டும்தான் வேலை என்றால் இரண்டாவது வழியே போதும் என்பேன். டேலி, ஃபோட்டோஷாப் என்று விண்டோஸ் மென்பொருள்களில் வேலை செய்பவர் என்றால் லைசென்ஸ் வாங்குங்கள்.

'விண்டோஸோடு சேர்த்து' என்று சொல்லி விற்றுவிட்டு பில்லில் மட்டும் டாஸ் என்று போட்டிருந்தால், அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, மேற்கோள் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் விண்டோஸ் 11 புரோ கீ 499 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 'லைஃப்டைம், ஒரிஜினல்' என்று போட்டிருக்கிறார்கள். நண்பர் வாங்கினார், ஆக்டிவேட்டும் ஆனது. நானும் வாங்கலாமா?
(வாசகர், ஆவடி)

பதில்: ஆக்டிவேட் ஆவது வேறு, முறையான லைசென்ஸ் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் ஹோம் பதிப்பை 139 டாலருக்கும் புரோவை 199 டாலருக்கும் விற்கிறது. இங்கும் முறையான விலை ஆயிரக்கணக்கில்தான். 499 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார் என்றால், அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு மொத்தமாக வாங்கும் 'வால்யூம்' கீகள் இருக்கின்றன. கல்லூரிகளுக்கும் மென்பொருள் எழுதுபவர்களுக்கும் கொடுக்கும் கீகள் இருக்கின்றன. கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர்களின் கீகளும் சுற்றுகின்றன. இவற்றைத் தனித்தனியாக நமக்கு விற்கும் உரிமை அந்த வியாபாரிக்குக் கிடையாது. ஒரே கீயைப் பலருக்கு விற்பதும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கவனித்து அந்தக் கீயை முடக்கிவிட்டால் உங்கள் திரையில் மறுபடி அதே எழுத்து. அடுத்த முறை ஃபார்மட் அடித்துவிட்டு அதே கீயைப் போடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அதற்குள் விற்றவரின் பக்கமே இருக்காது.

'கீயெல்லாம் வேண்டாம், ஒரு டூல் இருக்கிறது' என்பார்கள் சிலர். அது இதைவிட மோசம். நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை மொத்தமாக ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் என்ற முறையை ஏமாற்றுவதுதான் அந்த டூல் செய்யும் வேலை. அந்த முறையில் ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த டூல்களை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். பாஸ்வேர்டு திருடும் நிரல்களை இப்படிப்பட்ட டூல்களுக்குள் வைத்துப் பரப்பியது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டரில் இதை அனுமதிக்கவே கூடாது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இப்படி ஏதாவது செய்திருக்கிறார்களா என்று பார்க்க வழி இருக்கிறது. அதே ஆக்டிவேஷன் பக்கத்தில், 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' ஆக்டிவேட் ஆனதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் கவனியுங்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் அது சரி. வீட்டில் சொந்தக் காசில் வாங்கியதில் அப்படி இருந்தால் டூல் போட்டிருக்கிறார்கள். உறுதிப்படுத்திக்கொள்ள, விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு எக்ஸ், பி, ஆர் அடித்து என்டர் தட்டுங்கள். 'பெர்மனன்ட்லி ஆக்டிவேட்டட்' என்று வந்தால் நிரந்தரம். காலாவதித் தேதி காட்டினால் டூல் வேலை. முடக்கப்படாத வால்யூம் கீயும் நிரந்தரம் என்றே காட்டும் என்பதால், இந்தச் சோதனையால் 499 ரூபாய் கீ நல்ல கீ ஆகிவிடாது.

கேள்வி: வாரன்ட்டியில் மதர்போர்டையே மாற்றிக் கொடுத்தார்கள். சிப்பும் மாறிவிட்டதே, என் விண்டோஸ் என்ன ஆகும்?
(வாசகர், ஓசூர்)

பதில்: பழுதான போர்டுக்குப் பதிலாக நிறுவனமே அதே மாடலையோ அதற்கு ஈடானதையோ மாட்டினால் புது லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. இது மைக்ரோசாஃப்டின் விதியிலேயே இருக்கிறது. அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் புது போர்டின் சிப்பில் கீயை எழுதிக் கொடுப்பார்கள். எழுத மறந்திருந்தால் எஃப்213 என்று முடிகிற பிழை எண் வரும். ஜாப் ஷீட்டோடு போய்க் கேளுங்கள், மெஷினை வாங்கும்போதே அங்கேயே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்ப்பது இன்னும் நல்லது.

வெளிக் கடையில் போர்டு மாற்றினால் கதை வேறு. அங்கே உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட். போர்டு மாற்றும் முன்பே அந்த அக்கவுண்ட்டில் விண்டோஸை இணைத்து வைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபிள்ஷூட் வழியாக 'சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்று சொல்லி முயன்று பார்க்கலாம். ஆனால் லேப்டாப்போடு வரும் லைசென்ஸ் அந்த மெஷினோடு முடிந்துபோவது. தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸை மட்டும்தான் வேறு மெஷினுக்குக் கொண்டுபோக முடியும். போர்டு மாற்றக் கொடுக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியின் ரெகவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பூட்டியிருந்தால் புது போர்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும், அது இல்லாவிட்டால் கோப்புகள் கிடைக்காது.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கிறது. அந்தக் கீயைப் போட்டு விண்டோஸ் 10 ஏற்றலாம் என்கிறார்களே?
(வாசகர், காரைக்குடி)

பதில்: முன்பு முடிந்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. அதற்கு முன்பே அந்தக் கம்ப்யூட்டரில் 10 ஏற்றி ஆக்டிவேட் ஆகியிருந்தால் மட்டும், இப்போது மறுபடி ஏற்றினாலும் செல்லும். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவே 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அந்தப் பழைய மெஷினில் லினக்ஸ் போடுவதுதான் சரி.

கேள்வி: விண்டோஸ் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஆனால் லேப்டாப்போடு வந்த வேர்டு, எக்ஸெல் காசு கேட்கின்றன!
(வாசகி, சேலம்)

பதில்: விண்டோஸ் மெஷினோடு ஒட்டியது என்றால், ஆஃபீஸ் நீங்கள் முதல்முறை திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு ஒட்டியது. இப்போது வேறு மெயிலில் உள்ளே போயிருப்பீர்கள். அந்தப் பழைய அக்கவுண்ட்டில் போனால் வாங்கிய ஆஃபீஸ் அங்கே பட்டியலில் இருக்கும், அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். எந்த மெயில் என்று நினைவில்லை என்றால், வீட்டில் எல்லோருடைய மெயில் பெட்டிகளிலும் லேப்டாப் வாங்கிய மாதத்தை ஒட்டி மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த கடிதங்களைத் தேடுங்கள். கடைக்காரரே ஒரு மெயில் உருவாக்கிக் கொடுத்திருந்தால், பில்லின் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அங்கே எழுதிக் கொடுக்கும் பழக்கம் உண்டு.