குக்கர் இல்லாமல், அடுப்பில் பாத்திரத்திலேயே தக்காளி சாதம் உதிரியாகச் செய்ய முடியுமா? எனக்கு எப்போதும் குழைந்துவிடுகிறது.

தாராளமாக முடியும். குழைவதற்கு முதல் காரணம், தக்காளியில் இருக்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. தக்காளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். கால் கிலோ தக்காளி போட்டால், நீங்கள் ஊற்றாமலேயே ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் பாத்திரத்துக்குள் வந்துவிடுகிறது. அதை வற்றவிட்ட பிறகே அளந்த தண்ணீரை ஊற்ற வேண்டும்.

200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் அரிசிக்கு அளவு சொல்கிறேன். அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து வடிகட்டிவிடுங்கள். நன்கு பழுத்த தக்காளி கால் கிலோ, பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் 2, இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், புதினா ஒரு கைப்பிடி. நாட்டுத் தக்காளிதான் இதற்கு நல்லது, புளிப்பும் சாறும் சரியாக இருக்கும். பெங்களூர் தக்காளி என்றால் புளிப்பு போதாது. இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

அடி கனமான பாத்திரத்தில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டீஸ்பூன் நெய். காய்ந்ததும் பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, ஏலக்காய் 1, பிரிஞ்சி இலை, அரை டீஸ்பூன் சோம்பு. சோம்பு பொரிந்ததும் வெங்காயம், பச்சை மிளகாய். வெங்காயம் ஓரம் சிவக்க வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுது, புதினா. பச்சை வாசனை போனதும் தக்காளியையும் உப்பையும் போடுங்கள். உப்பு சேர்ந்தால் தக்காளி சீக்கிரம் சாறு விட்டுக் குழையும். தூள்களை அந்தச் சாறு இருக்கும்போதே போட வேண்டும். வெறும் எண்ணெயில் விழுந்தால் மிளகாய்த்தூள் நொடியில் கருகிக் கசந்துவிடும்.

இனி அவசரப்படக் கூடாது. மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் ஆகும். முதலில் தளதளவென்று கொதிக்கும், பிறகு சத்தம் அடங்கி தொக்கு சுருளும், ஓரத்தில் எண்ணெய் கசியும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், சாறு ஓடிவந்து மூடாமல் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். அதற்கு முன்பே தண்ணீர் ஊற்றினால் அளவும் தப்பும், சாதத்தில் பச்சைத் தக்காளி வாடையும் அடிக்கும்.

தண்ணீர், அரிசியைப் பொறுத்தது. பாஸ்மதிக்கு ஒன்றரை டம்ளர், சீரக சம்பாவுக்கு இரண்டு, பொன்னி பச்சரிசிக்கு இரண்டரை. புது அரிசி என்றால் கால் டம்ளர் குறையுங்கள். அரிசியை இரட்டிப்பாக்கினால் தண்ணீரை அப்படியே இரட்டிப்பாக்காதீர்கள். ஆவியாகிப் போவது அதே பாத்திரத்தில் இரண்டு மடங்காகாது, அதனால் கால் டம்ளர் குறைவாகவே ஊற்றுங்கள். புழுங்கலரிசி வேக நேரமாகும், தொக்கின் புளிப்பில் இன்னும் தாமதமாகும். அதைத் தனியே வடித்து, ஆறவைத்துத் தொக்கில் கிளறுவதே மேல்.

தண்ணீர் கொதித்ததும் நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பும் உறைப்பும் ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி இழுத்துக்கொண்டால் சரியாகிவிடும். அரிசியைப் போட்டு ஒரே ஒரு முறை கிளறி, பெரிய தீயில் திறந்தே வையுங்கள். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேலே சின்னச் சின்னக் குழிகள் தெரியும்போது தீயை முழுதாகக் குறைத்து, அடியில் தோசைக்கல் வைத்து, இறுக்கமான தட்டால் மூடி மேலே கனம் ஏற்றுங்கள். 12 நிமிடம். அணைத்த பின் இன்னும் 10 நிமிடம் மூடி திறக்கவே கூடாது. சூடாகக் கிளறினால் மணிகள் உடைந்து ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் முள்கரண்டியால் ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்துவிடுங்கள்.

திறந்து பார்க்கும்போது அரிசி நறுக்கென்று இருந்தால், ஆவி கசிந்திருக்கிறது. நாலு ஸ்பூன் வெந்நீர் தெளித்து, மூடி, மறுபடி சிறுதீயில் 5 நிமிடம் வையுங்கள். பச்சைத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், மேல்சாதம் பிசுபிசுக்கும். அடிபிடித்த வாடை வந்தால் சுரண்டாமல் மேல்சாதத்தை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அடியைக் கிளறினால் மொத்தமும் தீய்ந்த வாடை அடிக்கும்.