பீமா டேட்டாசெட்: 78% வந்தும் பாதி நோயாளிகளைக் கோட்டை விடுகிறதே?

பீமா இனப் பெண்களின் மருத்துவத் தரவை வைத்துச் சர்க்கரை நோயைக் கணிக்கும் கணினி மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்தீர்கள், 78% சரியாகச் சொல்லியும் உண்மையான நோயாளிகளில் பாதிப் பேரைத் தவறவிடுகிறது என்கிறீர்கள். முதலில் அந்த 78% துல்லியத்தை நம்பாதீர்கள். மொத்தம் 768 பெண்களில் 500 பேருக்குச் சர்க்கரை இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் 'இல்லை' என்று சொன்னாலே 65% வந்துவிடும். அப்புறம் இன்சுலின் பத்தியைப் பாருங்கள், 374 இடத்தில் பூஜ்யம். பிஎம்ஐ, ரத்த அழுத்தத்திலும் பூஜ்யம் இருக்கிறது, உயிரோடு இருப்பவருக்கு அது எப்படிச் சாத்தியம்? அதெல்லாம் அளக்காமல் விட்டவை, பயிற்சித் தரவின் மீடியனை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை, எடுத்து நிரப்புங்கள் (கர்ப்ப எண்ணிக்கையில் பூஜ்யம் சரிதான், அதைத் தொடாதீர்கள்). பிறகு வெட்டுப்புள்ளியை (மாதிரி தரும் நிகழ்தகவு எதைத் தாண்டினால் 'நோய் உண்டு' என்று சொல்வது என்ற எல்லை) 0.5-லிருந்து 0.3 பக்கம் இறக்கி, ரீகால், அதாவது உண்மையான நோயாளிகளில் பிடிபடுவோரின் பங்கு, எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சிலருக்கு வீணாகப் பயம் காட்டும்தான், ஆனால் அது ஒரு ரத்தப் பரிசோதனையில் தீர்ந்துவிடும். உங்கள் வீட்டார் யாருடைய எண்களையும் மட்டும் இதில் போட்டுப் பார்க்காதீர்கள், இது முழுக்க அரிசோனாவின் பீமா இனப் பெண்களின் தரவு.